கல்யாணப் பெட்டியில் ஒரு சோளப்பாம்பு

மார்ச் 3, 2014, திங்கள்

நாலு நாளாக யாரிடமும் பேசவில்லை என்பது இன்று தீவனக் கடையில்தான் தெரிந்தது. "என்ன வேணும் மிஸ்டர் ஹாய்ட்?" என்று டெஸ் கேட்டபோது குரல் எழும்பவில்லை. இரண்டு முறை கனைத்த பிறகுதான் "பறவைத் தீனி" என்று சொல்ல முடிந்தது.

கல்லாவுக்குப் பின்னால் அலமாரி முழுக்க அவள் வளர்க்கும் விஷமில்லாத சோளப்பாம்புகள். முப்பது வயதுகூட ஆகாத பெண். கடைக்கு வருகிறவர்கள் முகம் சுளித்தாலும் கண்டுகொள்ளமாட்டாள். ஒன்றை எடுத்து என் கையில் விட்டாள். போன வருடத்துக் குஞ்சு, பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமன். செங்கல் நிறத் திட்டுகள், ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கரை. விரல்களுக்கு நடுவே புகுந்து புகுந்து வந்து மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு அப்படியே இருந்துவிட்டது.

என்னை யாராவது தொட்டு எத்தனை நாள் ஆயிற்று?

"கூண்டு தயாரானதும் வாங்க, அதுக்கு முன்னாடி தரமாட்டேன்" என்றாள். "அப்புறம், நோட்டுப் போடணும். என்னிக்குச் சாப்பிட்டுச்சு, என்னிக்குத் தோல் உரிச்சுச்சு, எல்லாம் எழுதணும்." அச்சடித்த காகிதம் ஒன்றும் கொடுத்தாள். வண்டியில் கிடக்கிறது.

ஆக, இது பாம்பு நோட்டு. பாம்பு இன்னும் வரவில்லை.

மார்ச் 5, புதன்

டெஸ் வாயால் சொன்னதில் நினைவிருப்பது: ஒரு பக்கம் சூடு, எண்பத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட். மறுபக்கம் குளுமை. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒரு பொந்து. அது முழுசாக இறங்கிக் கிடக்கிற அளவுக்குத் தண்ணீர்க் கிண்ணம். பூட்டுப் போட்ட மூடி. "சுண்டுவிரல் நுழையற சந்து போதும் மிஸ்டர் ஹாய்ட், காலைல வெறும் கூண்டுதான் இருக்கும்."

நாற்பது வருடம் மரவேலை செய்தவனுக்கு ஒரு கூண்டு பெரிய காரியமா? ஆனால் பட்டறையில் உருப்படியான பலகை ஒன்றும் இல்லை. படுக்கையறைக்குப் போய்க் கல்யாணப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். சும்மா பார்த்தேன், அவ்வளவுதான்.

மார்ச் 7, வெள்ளி

சார்லட் நகரிலிருந்து டார்லா போன் செய்தாள். மகள் போன் செய்தால் ஏதோ சேதி இருக்கிறது என்று அர்த்தம். "அம்மா சொந்தமா வீடு வாங்கிட்டாங்கப்பா. புது பீரோகூட வந்திருச்சு."

நல்லது என்றேன்.

மார்ச் 8, சனி

அறுத்துவிட்டேன்.

எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்துபோய் எனக்கே நல்லவனாகிவிடக் கூடாது. 1979-ல் நிச்சயம் ஆனதும் நெல்டாவுக்கு நான் செய்து கொடுத்த பெட்டி அது. இந்தப் பக்கம் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் தேவதாருப் பெட்டி இல்லாமல் நடக்காது. போர்வை, மேசைவிரிப்பு எல்லாம் அதில் இருந்தால் பூச்சி அண்டாது. ஓர் ஆணி கிடையாது, மூலைக்கு மூலை மரத்தோடு மரம் கோர்த்தது. பதினாலு மாதத்துக்கு முன் அவள் என்னை விட்டுக் கிரீன்வில்லில் தன் தங்கை வீட்டுக்குப் போனபோது போர்வைகளை மட்டும் எடுத்துக்கொண்டாள். "பெட்டிய அப்புறமா வந்து எடுத்துக்கறேன்" என்றாள்.

அந்த 'அப்புறமா'வை வைத்துக்கொண்டுதான் இத்தனை மாதம் ஓட்டினேன். பெட்டி இங்கே இருக்கிறவரை ஒரு தடவையாவது வருவாள். சனிக்கிழமைதோறும் துடைத்து வைத்தேன். புது பீரோ வாங்கியவளுக்குப் பழைய பெட்டி எதற்கு?

காலையில் முன்பலகையில் கோடு போட்டேன். பத்து மணிக்கு ரம்பத்தை வைத்தேன். அறுத்தெடுத்த பலகையை வீச மனசு வரவில்லை, பட்டறை உத்தரத்தில் செருகி வைத்திருக்கிறேன். அழுகை வரவில்லை. கோபம்தான். யார் மேல் என்று தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

முடிந்தது. முன்னால் கண்ணாடி, மரத்தில் வெட்டிய காடியில் வழுக்கி ஓடுகிறது, சின்னப் பூட்டு. அடியில் சூடேற்றும் விரிப்பு, அதன் சூடு எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள ஒரு தெர்மோஸ்டாட். பக்கத்துக்கு ஒரு பொந்தாக இரண்டு சின்னப் பெட்டிகள், கவிழ்த்து வைத்தவை. தரையில் இழைப்புளி சீவித் தள்ளிய தேவதாருச் சுருள்களையே மெத்தையாகப் பரப்பினேன். இங்கே எல்லோரும் நாய்க்கொட்டிலுக்குப் போடுகிறதுதானே.

பக்கத்து வீட்டு வெண்டல் வந்து பார்த்தான். "பொண்டாட்டி போனா ஆளுங்க நாய் வாங்குவாங்க, மோட்டார் சைக்கிள் வாங்குவாங்க. நீ பாம்பு வாங்கறே."

"நாய் குரைக்கும்" என்றேன்.

"குரைச்சாலாவது உன் வீட்டுல ஒரு சத்தம் கேக்குமேப்பா." பிறகு குனிந்து முகர்ந்தான். "வாசனை தூக்குது. ஒரு உண்ணி வராது இதுக்குள்ள."

அவன் போன பிறகு வெகுநேரம் வெறும் கூண்டின் முன் உட்கார்ந்திருந்தேன். நான் செய்ததிலேயே நல்ல வேலை இதுதான். சொல்ல ஆள் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 15, சனி

வந்துவிட்டது. சூடான பக்கத்துப் பொந்துக்குள் நேராகப் போய்ப் புகுந்தது. ஒரு வாரம் தொடக் கூடாது, பழகட்டும் என்று டெஸ்ஸின் உத்தரவு. சரி. வீட்டில் ஓர் உயிர் இருக்கிறது, அது போதும். நாற்காலியைப் படுக்கையறைக்கு மாற்றிக்கொண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

மதியம் ஒரு தடவை தலையை நீட்டி நாக்கைச் சுழற்றிவிட்டு உள்ளே போனது. "என்ன?" என்று கேட்டேன். வாய்விட்டுத்தான் கேட்டேன்.

மார்ச் 22, சனி

முதல் சாப்பாடு. உறைந்த எலிக்குஞ்சை வெந்நீரில் போட்டு இளகவைத்து இடுக்கியால் நீட்டினேன். பட்டாணிப் பைக்குப் பக்கத்தில் எலிப் பை, நெல்டா பார்த்திருந்தால் ஃப்ரீசரையே தெருவில் வைத்திருப்பாள். பாம்பு தலையைத் திருப்பிக்கொண்டது.

சாப்பிடவில்லை.

மார்ச் 29, சனி

சாப்பிடவில்லை. குளுமையான பக்கத்து மூலையில், கண்ணாடியின் சந்தில் மூக்கை வைத்துக்கொண்டு கிடக்கிறது. வெளியே போகணுமாம். இதற்கும் என்னோடு இருக்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

காலையில் பார்த்தால் தலையைத் தூக்கி வாயைத் திறந்து வைத்திருக்கிறது. மூக்கில் சின்னச் சின்ன நுரைக்குமிழ். மூச்சு விடும்போது 'க்ளிக்' என்று ஒரு சத்தம். டெஸ்ஸுக்குப் போன் செய்தேன்.

"கீழ என்ன போட்டிருக்கீங்க?"

"தேவதாருச் சுருள்."

"கூண்டு?" என்றாள்.

"கூண்டே தேவதாருதான்" என்றேன்.

"மிஸ்டர் ஹாய்ட், நான் குடுத்த காகிதத்தப் படிச்சீங்களா?"

படிக்கல. படிக்கவே இல்ல. மரத்தைப் பத்தி இந்தச் சின்னப் பொண்ணு எனக்கு என்ன சொல்லப்போறான்னு வண்டியில தூக்கிப் போட்டேன். இப்ப எடுத்துப் பாத்தா மூணாவது வரி: தேவதாரு, பைன் வேண்டவே வேண்டாம், அந்த எண்ணெயின் நெடி பாம்பின் நுரையீரலை அரித்துவிடும். பூச்சி அண்டாது, பூச்சி அண்டாதுன்னு பெருமையா சொன்னோமே, பூச்சி ஏன் அண்டாதுன்னு ஒரு நாளாவது யோசிச்சோமா? மூக்கை சந்துல வச்சுக்கிட்டு அது காத்துக்குத் தவிச்சிருக்கு. என்னைப் பிடிக்கலன்னு நான் எழுதி வச்சேன். சே.

பியூஃபோர்ட்டில் பாம்பு பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோனேன். நாற்பது நிமிடம், மடியில் தலையணை உறைக்குள். ஊசி போட்டார். மூன்று நாளுக்கு ஒரு முறை, ஏழு ஊசி, மீதியை வீட்டில் நானே போடவேண்டும். பிழைக்குமா என்று கேட்டேன். "இன்னும் ரெண்டு வாரம் போனாத்தான் தெரியும்" என்றார்.

இப்போது டெஸ் கொடுத்த பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கிறது. பக்கங்களில் ஓட்டை. தரையில் சமையலறைக் காகிதம். பொந்துக்குப் பதில் கழிவறைக் காகிதம் சுற்றி வந்த அட்டைக்குழல். சூடேற்றும் விரிப்பு மட்டும் பழையது. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் மூச்சு விடுகிறது.

ஏப்ரல் 5, சனி

இரண்டாம் ஊசி. டார்லாவிடமிருந்து செல்போனில் குறுஞ்செய்தி: ஈஸ்டருக்கு அம்மா அந்தப் பக்கம் வர்றாங்க. பெட்டிய எடுத்துக்கறாங்களாம். வீட்ல இருப்பீங்கதானே?

வேறு எங்கே இருக்கப் போகிறேன்?

ஏப்ரல் 6, ஞாயிறு

சொல்லிவிட்டால் வரமாட்டாள். சொல்லாமல் இருந்தால் வருவாள், சமையலறையில் கொஞ்ச நேரம் நிற்பாள், ஒரு கோப்பை காபிகூடக் குடிப்பாள். பிறகுதான் படுக்கையறைக்குப் போய்ப் பார்ப்பாள்.

அந்தக் கொஞ்ச நேரம் வேண்டும்போல் இருக்கிறது. கேவலம்தான். இருந்தாலும் வேண்டும்போல் இருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

உத்தரத்திலிருந்து அந்தப் பலகையை எடுத்து ஓட்டையில் வைத்துப் பார்த்தேன். பொருந்துகிறது. ரம்பம் தின்ற அளவுக்குச் சுற்றிலும் ஓர் இடைவெளி. அதை எதை வைத்து அடைத்தாலும் தெரியும். மரத்தில் நான் சரிசெய்ய முடியாதது என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

நாலாம் ஊசி. நுரை குறைந்திருக்கிறது. ஊசி போட்டு முடித்ததும் என் கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டது. வலிக்கச் செய்தவனையே பிடித்துக்கொள்கிறது. இதற்கு ஒன்றும் தெரியாது.

ஏப்ரல் 13, ஞாயிறு

தேவாலயத்தில் குருத்தோலை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதை மேசையில் வைத்துவிட்டு, சட்டைகூட மாற்றாமல் போனை எடுத்தேன்.

"நெல்டா, ஹாய்ட் பேசறேன். பெட்டிய அறுத்துட்டேன்."

"எந்தப் பெட்டிய?"

"உன் பெட்டிய. முன்னால. கண்ணாடி போட."

"கண்ணாடி எதுக்கு?"

"பாம்புக்கு."

அவள் புது வீட்டில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதன் சத்தம் கேட்டது. எனக்குத் தெரியாத கடிகாரம்.

முழுவதும் சொன்னேன். காகிதத்தைப் படிக்காதது, மூச்சுத் திணறியது, ஊசி. கடைசியில், "முப்பத்துமூணு வருஷம் உன்கூடக் குடும்பம் நடத்தினேன். நீயா போன் எடுத்து எங்கிட்ட ஒரு விஷயம் சொன்னது இதான் முதல் தடவை ஹாய்ட். அதுவும் இந்த லட்சணத்துல" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அப்ப நான் வர்றதுக்கு வேலை இல்ல."

அதற்கும் ஆமாம் என்றேன். வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அது பிழைக்குமா?"

"தெரியல."

"ம்" என்றாள். வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

ஏழாவது ஊசியும் இன்றோடு முடிந்தது. யாரும் வரவில்லை. வெண்டல் வீட்டிலிருந்து பன்றித்தொடையும் மசாலா முட்டையும் ஒரு தட்டில் வந்தது. "எங்க வீட்ல வந்து சாப்பிடேம்ப்பா" என்றான். அடுத்த முறை என்றேன். இரண்டு காபிக் கோப்பைகளைக் கழுவி வைத்திருந்தேன். ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தேன்.

பாம்புக்கு எலிக்குஞ்சு நீட்டினேன். சாப்பிடவில்லை.

ஏப்ரல் 23, புதன்

கூண்டு வாங்கினேன். செய்யவில்லை, கடையில் வாங்கினேன். கண்ணாடித் தொட்டி, பூட்டுகிற மூடி. தரைக்கு ஆஸ்பென் மரச்சீவல், அதற்கு வாசனையே கிடையாது. டெஸ்ஸின் காகிதத்தைச் சுவரில் ஒட்டி ஒவ்வொரு வரியாகப் படித்துப் படித்து வைத்தேன். ஒரு விஷயத்துக்கு அவளையே போன் செய்து கேட்டேன். "நீங்களா கேக்கறீங்க?" என்றாள்.

ஏப்ரல் 26, சனி

சாப்பிட்டது.

பகல் பதினோரு மணி. இடுக்கி நுனியில் எலிக்குஞ்சு. முதலில் நாக்கு, பிறகு கழுத்து வளைந்தது, பிறகு எப்போது பிடித்தது என்றே தெரியவில்லை. மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி, அப்புறம் அவசரமே இல்லாமல் விழுங்கியது. செத்த எலியை இறுக்குவானேன்? நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அறுபத்திரண்டு வயசு.

நோட்டில் எழுதியாயிற்று. போதவில்லை. கிரீன்வில்லுக்குப் போன் செய்தேன். நெல்டா எடுக்கவில்லை, செய்தியைச் சொல் என்றது இயந்திரம். அதனிடம் பேச எனக்கு வராது. "ஹாய்ட். சாப்பிட்டுருச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மதியம் இரண்டு மணிக்குப் போன் அடித்தது. டார்லாவாக இருக்கும் என்று எடுத்தேன்.

"'ஹாய்ட். சாப்பிட்டுருச்சு.' அவ்வளவுதானா? என்ன மனுஷன் நீ" என்றாள் நெல்டா.

எப்படிச் சாப்பிட்டது என்று கேட்டாள். சொன்னேன். கேட்காததையும் சொன்னேன், மூன்று சுற்றுச் சுற்றியது, வால் நுனி கடைசிவரை ஆடியது, வயிற்றில் இன்னும் மேடு தெரிகிறது என்பதெல்லாம். இவ்வளவு பேசுகிறேனே என்று நடுவில் எனக்கே கூச்சமாகிவிட்டது.

"பேரு வச்சியா?"

"இன்னும் இல்ல."

"டார்லாவுக்குப் பேர் வைக்கவே ஒன்பது நாள் ஆக்கினவன்தானே."

பெட்டியைப் பற்றி நானாகக் கேட்டேன். அது உன்கிட்டயே இருக்கட்டும், எனக்கு அங்கே இடம் இல்லை என்றாள். எப்போதாவது இந்தப் பக்கம் வருவாயா என்று கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும், அவளைச் சொல்லவைக்க வேண்டாம்.

பிறகு, "நீ சாப்பிட்டியா?" என்றாள்.

அடுப்பைப் பார்த்தேன். காலையிலிருந்து பற்றவைக்கவில்லை. "இல்ல" என்றேன்.

"போய் ரெண்டு முட்டையாவது பொரி. எலிக்கு வெந்நீர் வைக்கத் தெரியுது."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வாணலியை எடுத்தேன். சமையலறைப் போனின் சுருள்கம்பி அடுப்புவரை எட்டியது. வெண்ணெய் உருகிருச்சா என்று கேட்டாள், உருகிவிட்டது என்றேன். உடைத்து ஊற்றினேன். முட்டை வேகும்வரை போனை வைக்காமல் இருந்தாள்.