அப்பாவின் கட்டிலுக்கு மேலே

மார்ச் 4

அன்புள்ள பாப்பா,

அப்பாவின் நலம் பற்றி இனி நான் எழுத வேண்டியதில்லை. அவர் மூச்சு விடுவதைக்கூட நீ அங்கிருந்தே பார்க்கிறாய். நீ அனுப்பிய கேமராவை மாட்டியாகிவிட்டது. ஓரமாக மாட்டச் சொன்னேன். "கட்டிலுக்கு நேர் மேலன்னு மேடம் போன்ல சொல்லிட்டாங்க சார்" என்றான் எலக்ட்ரீஷியன். இந்த வீட்டில் எது நடந்தாலும் மேடம் சொன்னபடிதான் நடக்கும். உன் வெளிநாட்டுப் படிப்பில் ஆரம்பித்தது அது.

போனை விட்டுத் தபாலில் எழுதக் காரணம் உண்டு. பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சும் ஒரு கையும்தான் போயின, காது போகவில்லை. இருப்பது இரண்டே அறை. அவரைப் பற்றி அவர் காதுபட எப்படிப் பேசுவது?

நேற்று மதியம் அந்தக் கேமரா வழியாக "அப்பா, சாப்டீங்களா?" என்றாய். கூரை திடீரென்று நலம் விசாரித்தால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? மூக்குக் குழாயில் பால் இறங்கிக்கொண்டிருந்த நேரம். புரையேறி, நெஞ்சைத் தடவி, அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடுத்த முறை எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டுப் பேசு.

நீயாவது நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணா,

பேனா பிடித்தே பல வருடம் ஆகிறது, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. அப்பாவைப் பயமுறுத்திவிட்டேன், மன்னித்துக்கொள். இனி பேச மாட்டேன், பார்க்க மட்டும் செய்கிறேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் பாத்ரூமுக்குள் நின்றுகொண்டு போனைத் திறப்பேன். அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். பக்கத்திலேயே இருக்கிற உனக்கு இது புரியாது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. தினமும் காலையில் ஏன் கேமரா மேல் துண்டைப் போடுகிறாய்? திரை கறுத்துப்போனால் என்னென்னவோ தோன்றுகிறது. வயதானவர்களை அடிக்கிற வீடியோ எத்தனை வருகிறது! உன்னைச் சொல்லவில்லை.

பாப்பா


ஏப்ரல் 2

பாப்பா,

'உன்னைச் சொல்லவில்லை' என்று எழுதியிருந்தாய். என்னைச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன்.

துண்டு போடுவது உடம்பு துடைத்துவிடும் நேரத்தில் மட்டும். வீட்டுக்குள்ளேயே சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்ட மனிதர் அவர். நீ வளர்ந்த பிறகு உன் முன்னால் பனியனோடுகூட நின்றதில்லை. இதை மகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது பார்.

சரி. துண்டை எடுத்துவிட்டேன். நன்றாகப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஏப்ரல் 23

தங்கைக்கு,

நீ அத்தைக்கு அனுப்பிய அந்த வீடியோ எனக்கும் வந்தது, என் மாணவன் ஒருவனிடமிருந்து.

பன்னிரண்டு விநாடி. நான் அப்பாவின் கையை அடிக்கிறேன். அடித்தது உண்மை. அதற்கு முன்னால் நடந்தது அதில் இல்லை. துண்டை எடுத்த நாளிலிருந்து, உடம்பு துடைக்கும்போதெல்லாம் அப்பா அந்த நல்ல கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறார். அன்று போர்வையோடு சிக்கி மூக்குக் குழாயும் வெளியே வந்துவிட்டது. ரத்தம். "விடுங்கப்பா, விடுங்க" என்று கெஞ்சினேன். விடவில்லை. அடித்தேன். அவர் யாருக்குப் பயந்து முகத்தை மூடினார் என்று அத்தைக்குச் சொன்னாயா?

அத்தை வாசற்படியிலேயே நின்று, "பெத்தவன் மேலயே கை வைக்கிறியாடா? நீயெல்லாம் பாடம் நடத்துறவன்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். வகுப்பில் நான் பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பின்னாலிருந்து ஒரு குரல், "வலிக்குதுடா மகனே!" மொத்த வகுப்பும் சிரிக்கிறது. கல்லூரி முதல்வர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "நான் நம்பலை சார். ஆனா எல்லார் போன்லயும் நீங்கதான் ஓடுறீங்க. கொஞ்ச நாள் லீவு போடுங்களேன்."

கேமராவைக் கழற்றிவிட்டேன். இனி அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்


மே 6

அண்ணா,

பயந்துபோய் அத்தைக்கு மட்டும்தான் அனுப்பினேன், என்ன செய்யலாம் என்று கேட்க. அவள் மகன் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டான். எல்லோரையும் அழிக்கச் சொல்லியிருக்கிறேன். அழித்துவிட்டதாகத்தான் சொல்கிறார்கள்.

கேமராவை மாட்டு அண்ணா. எப்போது வேண்டுமானாலும் மூடிக்கொள், ஏன் என்று கேட்க மாட்டேன். போனையாவது எடு. அவர் எப்படி இருக்கிறார் என்றே தெரியாமல் நான் எப்படி இருப்பேன்?

பாப்பா


மே 30

தங்கைக்கு,

அப்பா செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டார். அத்தை உடனே உனக்குச் சொல்லியிருப்பாள். உனக்கு விமானம் கிடைக்கவில்லை என்றும் சொன்னாள். "வீடியோல போட்டுத் தர்றேன், புள்ள கடைசியா ஒரு தடவை முகத்தைப் பாத்துக்கட்டும்டா" என்று போனை நீட்டிப் பிடித்தபடி உள்ளே வந்தாள். உன் அழுகை கேட்டது. நான் அந்தப் போனைப் பிடுங்கி அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எல்லாம் முடிந்து வந்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தேன்.

வந்தவர்கள் போனையெல்லாம் வாசலில் ஒரு பக்கெட்டில் போடச் சொன்னேன். "மூளை குழம்பிடுச்சு இவனுக்கு" என்றார்கள். போட்டார்கள். அப்பாவை யாரும் படம் எடுக்கவில்லை.

அவருக்காகச் செய்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உன் அழுகையைக் கேட்டுக்கொண்டே அணைத்தபோது எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. அதையும் நீ தெரிந்துகொள்.

அண்ணன்


செப்டம்பர் 11

அன்புள்ள அண்ணா,

உன் பதில் இல்லாமல் நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டிலும் உன்னைத் திட்டியிருந்தேன். பிரிக்காமல் கிழித்துப் போட்டிருந்தால் நல்லதுதான். இதை மட்டும் படி.

அன்று அப்பா முகம் எப்படி இருந்தது? அத்தையைக் கேட்டால், "தூங்குற மாதிரியே இருந்தார்" என்கிறாள். அது எல்லோரும் எல்லோரைப் பற்றியும் சொல்வது. பக்கத்தில் இருந்தவன் நீ. சவரம் செய்திருந்தாயா? கண் மூடியிருந்ததா? என்ன சட்டை போட்டுவிட்டாய்?

இரண்டு வரி போதும் அண்ணா.

பாப்பா