போயிட்டு வரேன்

உங்களுக்கு,

நேற்று தேக்கா மரபுடைமை நிலையத்தில் குடும்ப தினம். யாழினியின் பட்டுப்பாவாடை கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டது. அதையே கட்டிவிட்டு அழைத்துப் போனேன். தோரணம் பின்னினாள்.

தமிழர் வழக்கங்களைச் சொல்லிக்கொடுத்த தொண்டூழியர் பிள்ளைகளிடம், "வீட்டுலேர்ந்து கிளம்பும்போது ‘போறேன்’னு சொல்லக்கூடாது. எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டார்.

"போயிட்டு வரேன்!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

"எங்கப்பா பெட்டிய எடுத்துக்கிட்டு ‘போறேன்’னுதான் சொன்னாரு லா," என்றாள் யாழினி.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பிரியாணி சாப்பிட்டோம். ரயிலேறி வீட்டுக்கு வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க வருவீர்கள். திரும்பும்போது அவளிடமாவது ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லுங்கள்.

என்னிடம் சொன்னது சரிதான்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா