கிளினிக் புத்தகத்தில் நூற்று இருபத்தாறு

கட்டுகஸ்தோட்டை
04.10.2025

மருமகள் ரிப்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தொலைபேசியில் நீ குறுக்கே பேசுவாய், ஆகவே எழுதுகிறேன்.

உன் ஆராய்ச்சிக்கு ஆள் போதவில்லை என்று கெஞ்சியதால்தான் பேராதனைக்கு வந்தேன். கழுத்தில் பேனா போன்ற ஒன்றை அழுத்திவிட்டு, பத்துப் பேர் முன்னால், “உங்கட ரத்தக் குழாய் இறுகிப் போச்சு மாமி” என்றாய். நான் என்ன, நகரசபைக் குழாயா? பிரஷர் கையில் நூற்று அறுபத்திரண்டாம், இதயத்துக்குப் பக்கத்தில் நூற்று ஐம்பத்தைந்தாம். ஒரு மனுஷிக்கு இரண்டு பிரஷரா? என் கிளினிக் புத்தகத்தில் நான்கு வருடமாக நூற்று இருபத்தாறைத் தாண்டியதில்லை. மெஷினைத் திருத்துங்கள்.

சித்தி றலியா ஹுஸைன்

பேராதனை
09.10.2025

அன்புள்ள மாமிக்கு,

வஅலைக்கும் ஸலாம். எல்லோர் முன்னாலும் சொன்னது என் பிழை, மன்னியுங்கள்.

மெஷின் சரிதான். கையில் பார்ப்பது கைக்கு வந்துசேரும் அழுத்தம். இதயம் தாங்குவதோ அதன் வாசலிலுள்ள பெருங்குழாயின் அழுத்தத்தை. குழாய் இறுகினால் நாடித்துடிப்பின் அலை வேகமாகப் போய், வேகமாகத் திரும்பி, இதயத்தையே தள்ளும். அப்படியே விட்டால் பக்கவாதம் வரலாம், மாமி. கை மரப்பதும் கண் இருள்வதும் அதன் முன்னறிகுறி.

இந்த இறுக்கம் ஒரு நாளில் வருவதில்லை. உங்கள் புத்தகம் உண்மையென்றால் இவ்வளவு இறுகியிருக்காது. போன மாதம் போர்வை எடுக்க உங்கள் அலுமாரியைத் திறந்தேன். மருந்து உறைகள் பிரிக்காமலே கிடந்தன. உங்கள் மகனிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
ரிப்கா

கட்டுகஸ்தோட்டை
14.10.2025

ரிப்கா,

பிறர் அலுமாரியைத் துழாவ எந்தப் பாடசாலையில் கற்றுக்கொடுத்தார்கள்?

கிளினிக்குக்கு ஒரு வாரம் முன்பிருந்து மருந்தை ஒழுங்காகப் போடுவேன். நான் படித்த கொன்வென்டில் சிஸ்டர் பரிசோதிக்க வரும் நாளுக்குத்தான் சப்பாத்துக்கு மெருகு போடுவோம். தயாராகிப் போவது மரியாதை. அதைப் பொய் என்று நினைக்க உன்னைப் போன்றவர்களால்தான் முடியும். தினமும் போட்டால் கணுக்கால் வீங்கி, சப்பாத்து ஏறாது. ரப்பர் செருப்பை இழுத்துக்கொண்டு கடைத்தெருவில் திரியும் பெண்களில் ஒருத்தியாக நான் ஆகமாட்டேன்.

வீங்கவைக்காத மருந்து உண்டா என்று உன் ஆராய்ச்சி டொக்டரிடம் கேள். யாருக்கென்று சொல்லாதே.

இன்று காலை பத்திரிகை வாசிக்கையில் வலது கண் ஐந்து நிமிடம் இருண்டுவிட்டுத் திரும்பியது. என் மகன் நிஸாமிடம் சொன்னால் ஊரையே கூட்டுவான். இதை ஓட்டோக்காரர் யுகேஷிடம் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுதாதே. அந்த வண்டியிலேயே ஏறி வா.

மாமி