சலீமின் ஆமாங்கய்யா

ஜூலை 8, 85. திங்கள்
ஆனி முடியப்போகிறது, வெயில் இன்னும் மண்டையைப் பிளக்கிறது. கட்டுரை நோட்டு பாதி திருத்தியாயிற்று. மண்ணெண்ணெய் வாங்கணும்.

சாயங்காலம் தலையில் இடி. தம்பி சலீமை சிங்கவரம் ரோட்டில் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. சைக்கிள் திருட்டாம். செத்துப்போன நைனா வாங்கிக் கொடுத்த சைக்கிள்! பேர் கேட்டார்களாம். இவன் முகத்தைப் பார்க்காமல் ஜீப் சக்கரத்தையே பார்த்திருக்கிறான். தோளைத் தொட்டதும் கையைத் தட்டிவிட்டிருக்கிறான். திருடினியாடா என்றதற்கு ஒரே பதில், ஆமாங்கய்யா.

வயது இருபத்தாறு. சென்னை டாக்டர் ஆட்டிசம் என்றார். ஊர் வைத்திருக்கும் பேரை எழுதக் கை கூசுகிறது. காக்கிச் சட்டை எதைக் கேட்டாலும் 'ஆமாங்கய்யா' சொல், அடி விழாது என்று பழக்கியவள் அம்மா. நல்லதுக்குத்தான். இப்போது தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள்.

ஜூலை 9. செவ்வாய்
பள்ளிக்கு லீவு போட்டேன். தம்பிக்காக வந்த வக்கீலம்மா வசந்தா, என்னைவிடச் சின்னவள். இவளா காப்பாற்றப் போகிறாள் என்று நினைத்தேன். கோர்ட் வாசலில் நின்றபடியே எல்லாம் கேட்டுக்கொண்டாள்.

ஸ்டேஷனில் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாதாம். ஆனால் மாஜிஸ்திரேட்டே கேட்டு, இவன் ஆமாங்கய்யா என்றுவிட்டால்? ஜெயில்தான். விசாரிக்கும்போது நான் பக்கத்தில் நிற்கச் சட்டம் உண்டா என்றேன்.

"இல்ல டீச்சர். கூடாதுன்னும் எழுதல. கேட்டுப் பாத்துடலாம்."

உள்ளே போனதும், போலீஸ் பக்கத்தில் நிற்க, அவள் அனுமதி வாங்கிக்கொண்டு சலீமிடம் ஒரே ஒரு கேள்வி.

"ராஜகிரி மலையத் தூக்கினு போனது நீதானே?"

"ஆமாங்கய்யா."

கோர்ட்டே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. சத்தம் அடங்கும்வரை நின்று, இவர் சொல்கிற ஆமாவுக்கு இவ்வளவுதான் அர்த்தம் என்றாள். ஜாமீன், சைக்கிளும் கைக்கு வந்தது. அக்கா பக்கத்தில் இல்லாமல் இவரை விசாரிக்கக் கூடாது என்றும் மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டார். அடேயப்பா, என்ன பொம்பளை! எங்கள் வயிற்றில் பாலை வார்த்தாள்.

ஜூலை 14. ஞாயிறு
புழுக்கம். கரண்ட் இல்லை.

வக்கீலம்மா வீடு தேடி வந்தாள். உத்தரவு இருந்தால் போதாதாம், ரோட்டில் நிற்கிறவனுக்கு அதைச் சொல்லத் தெரியணுமாம். பக்கத்து வீட்டு பஸ் கண்டக்டரின் காக்கிச் சட்டையை இரவல் வாங்கி, புடவை மேலேயே மாட்டிக்கொண்டு, "யாருடா நீ? எங்கடா போற?" என்று மிரட்டினாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். 'அக்கா வரட்டும்' என்று சொல்லவைக்கணும். மத்தியானம் பூரா ஆமாங்கய்யாதான். எனக்கு எரிச்சல் வந்தது, அவளுக்கு வரவில்லை. டீ வைத்த பிறகுதான் ஒரு தரம் சொன்னான். பிறகு நிறுத்தவே இல்லை.

கேஸ் எடுத்தோமா போனோமா என்று இருப்பவர்கள் நடுவில் இப்படி ஒருத்தி. நன்றாக இருக்கட்டும்.

ஜூலை 19. வெள்ளி
ஐந்தாம் வகுப்பு, பின்னக் கணக்கு. பால்காரர் ஓடிவந்தார். டீச்சர், தம்பிய மறுபடியும் நிறுத்திட்டாங்க, அதே ரோடு.

சாக்பீஸ் கையோடு ஓடினேன். போகிற வழியெல்லாம் அவன் அடிபடுவதுதான் கண்ணில். கண்றாவி மனசு.

புளியமரத்தடியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள், சலீமும் ஒரு புது கான்ஸ்டபிளும். சைக்கிள் சோதனைதானாம்.

"இன்னா கேட்டாலும் அக்கா வரட்டும்ன்றாரு. சரி, வரட்டும்னு நான்தான் ஆள் அனுப்பினேன்" என்றார்.

மூச்சு வாங்க அவன் பக்கத்தில் போய் நின்றேன். சலீம் என்னைப் பார்க்கவில்லை. சைக்கிள் சக்கரத்தைப் பார்த்தபடியே கான்ஸ்டபிளிடம் சொன்னான்:

"அக்கா வந்துட்டாங்க. இப்ப கேளுங்க."