வலது கை மட்டும் விழித்திருக்கட்டும்

மார்ச் 3

இன்று ஆறு பேரை மயக்கினேன். ஆறு பேரும் எழுந்துவிட்டார்கள். அண்ணன் போனில், “என்ன தாலாட்டு டாக்டர், இன்னிக்கு எத்தனை தொட்டில்?” என்றான். கிண்டல் பண்ணட்டும். மயக்கவியல் மேற்படிப்பில் இரண்டாம் வருடம் வந்தும் எனக்கு ஒன்று பிடிபடவே இல்லை. மருந்து உள்ளே போனதும் ஆள் எங்கே போகிறார்? மருந்து எங்கே போகிறது என்று புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. ஆளைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

மார்ச் 4

பித்தப்பையில் கல். கார் ஓட்டக் கற்றுத்தரும் பெண்மணி. இரண்டு தடவை ஆபரேஷன் மேஜை வரை வந்து இறங்கிப் போய்விட்டாராம். இப்போது சீழ் வைத்துவிட்டது. இன்னொரு தடவை ஓடினால் உயிருக்கே ஆபத்து.

வார்டில் எல்லாரும் “அடம்” என்கிறார்கள். ஏன் என்று யாராவது கேட்டார்களா? நான் கேட்டேன்.

“பதினோரு வருஷம் முன்னாடி அவசரமா சிசேரியன். நான் தூங்கவே இல்ல டாக்டர். கத்தி வச்சது தெரிஞ்சுது. அந்த டாக்டர் தன் வீட்டுக் கூரை ஒழுகுறதப் பத்தி பேசிட்டிருந்தார். கத்தணும்... விரல்கூட அசையல.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“சொல்லாம? கனவுன்னாங்க. என் வீட்டுக்காரரும் இன்னிக்கு வரைக்கும் கனவுன்னுதான் சொல்றார்.”

கனவாக இருக்கவேண்டியதில்லை. நாங்கள் கொடுப்பது இரண்டு மருந்து. ஒன்று தூங்க வைக்கும், இன்னொன்று தசைகளைக் கட்டிப்போடும். முதலாவது போதாமல் போனாலும் இரண்டாவது தன் வேலையைச் செய்துவிடும். அப்போது ஆள் விழித்தபடியே அசைய முடியாமல் கிடப்பார்.

மார்ச் 5

மறுபடி போனேன். “நான் ஓட்டச் சொல்லிக் குடுக்கிற கார்ல என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். இல்லாம ஏறவே மாட்டேன். இங்க எனக்கு என்ன பிரேக் வச்சிருக்கீங்க?” என்றார்.

நேரே நூலகத்துக்குப் போனேன். அங்கே தேடியபோது ஒரு பழைய முறை கிடைத்தது. தூங்கியதும், தசை மருந்து ஏற்றுவதற்கு முன், ஒரு கையில் மட்டும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இறுக்கிவிடுவது. மருந்து அந்தக் கைக்குள் போகாது. உடம்பு முழுக்கக் கட்டுப்பட்டாலும் அந்தக் கை அசையும்; விழிப்பு வந்தால் என் கையை அழுத்தித் தெரிவிக்கலாம்.

பேராசிரியர் முகத்தைச் சுளித்தார். “இதெல்லாம் யாரும்மா இப்ப பண்றா? சரி, ஆசைக்குப் பண்ணிப் பாரு.”

அக்காவிடம் சொன்னேன். அந்தப் பெண்மணியை நேற்றிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். தன் வலது கையை ஒருமுறை மூடித் திறந்து பார்த்தார்.

“சரி. ஆனா ஒண்ணு. நான் அழுத்தினா, அப்புறமா மறைக்காம சொல்லணும்.”

மார்ச் 6

நாளைக்கு. சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 7

தூங்கினார். வலது கையில் பட்டையை இறுக்கினேன். தசை மருந்து, மூச்சுக்குழாய், எல்லாம் ஒழுங்காக. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். சர்ஜன் முதல் கீறல் போட்டார். காதருகே குனிந்து, “அக்கா, நான் பேசுறது கேட்டா கைய அழுத்துங்க” என்றேன். சும்மா ஒரு சடங்குக்குத்தான் கேட்டேன் —

அழுத்தினார்.

ஐயோ. திரையில் எல்லா எண்ணும் சரியாக இருக்கிறது! கண் மூடியிருக்கிறது, முகத்தில் ஒன்றுமே இல்லை. கை மட்டும் என்னைப் பிடித்திருக்கிறது. “வலிச்சா இன்னொரு தடவை அழுத்துங்க.” அழுத்தவில்லை. மருந்தைக் கூட்டினேன். மறுபடி கேட்டேன். கை தளர்ந்து கிடந்தது.

பயத்தில் வியர்த்துக் கொட்டியது. ஆனால் பொய் எதற்கு, உள்ளே குதூகலமாகவும் இருந்தது. யார் எனக்குப் பதில் சொன்னது?

மார்ச் 8

“அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன் டாக்டர்! ஒண்ணுமே ஞாபகமில்ல.” அப்படி ஒரு சிரிப்பு.

பேராசிரியரிடம் ஓடினேன். “சில பேர் அப்படித்தான். பதில் சொல்வாங்க, நினைவுல நிக்காது. நிம்மதியா இருக்காங்க, ஏன் கிளறுற?”

நியாயம்தான். ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறேனே?

சொல்லிவிட்டேன். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல நான்?

மார்ச் 9

அந்த வார்டுப் பக்கமே போகவில்லை. கோழை.

மார்ச் 10

இன்று அவரே ஆளனுப்பிக் கூப்பிட்டார். வீட்டுக்குக் கிளம்பி, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கணவர், கையில் பையோடு.

“என்கிட்ட சொன்னத இவர்கிட்ட அப்படியே சொல்லுங்க டாக்டர்.”

சொன்னேன். மருந்து ஏறியும் நான் பேசியது அவருக்குக் கேட்டது, கை அழுத்தியது, வெளியே பார்த்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்பது, எல்லாவற்றையும். பதினோரு வருஷம் முன்பு சிசேரியனில் நடந்ததும் கனவாக இருக்க வேண்டியதில்லை என்றேன்.

கணவர் பையைக் கீழே வைத்துவிட்டு மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அன்னிக்கு ரொம்ப வலிச்சுதா?” என்றார்.