மஞ்சள் ஏறிய வெள்ளை

போன வாரம் உன் கணவர் ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே நாம் சேர்ந்து போட்ட புகைப்படங்களும் அவற்றின் நெகடிவ்களும். மணப்பாட்டுக் கோயிலின் வெள்ளைச் சுவர் தேநீர் சிந்திய வேட்டிபோல் மஞ்சளாகக் கிடந்தது. உன் முதல் வருட நினைவுப் பூசைக்கு அதையே புதிதாகப் போட்டுத் தரச் சொன்னார்.

அப்போதெல்லாம் நமக்கு இடம் முத்தையாபுரத்தில் உன் வீட்டு மொட்டைமாடி. வெள்ளி நைட்ரேட்டும் இரும்பு உப்பும் கலந்த கரைசலைத் தாளில் நான் பூசுவேன். நீ அதன்மேல் நெகடிவை வைத்து வெயில் காட்டி, கழுவி, படம் நிலைக்க ஹைப்போவில் போடுவாய். நிழல்கள் நல்ல பழுப்பாக வரும். வெள்ளைதான் வெள்ளையாக நிற்காது.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள். "தண்ணியில காரம் இருக்கு, அதான் இரும்பு தாள்லயே தங்கி மஞ்சளாவுது. முதல் கழுவலுக்குக் கொஞ்சம் சிட்ரிக் ஆசிட் போடுவோம்" என்றேன்.

உனக்கு முகம் மாறிவிட்டது. "ஏளா, எங்க வீட்டு போர்த் தண்ணியவா குறை சொல்லுத? தெருவே குடத்தத் தூக்கிட்டு இங்கனதான் வருது. நல்ல தண்ணில்லா இது!"

நம் ஊரில் குடிக்க ஆவது நல்ல தண்ணி, ஆகாதது உப்புத் தண்ணி. மூன்றாவது கிடையாது. நாக்குக்கு நல்லதென்றால் படத்துக்கும் நல்லது என்று முடிவு கட்டினாய். ஒரு சிட்டிகை போட்டுப் பார்க்கக்கூட விடவில்லை. ஒரு வீட்டுத் தண்ணீரைக் குறை சொன்னால் அந்த வீட்டையே சொன்னதாகிவிடும். நானும் வாயை மூடிக்கொண்டேன். அது என் தவறு.

நம் படங்களை வைத்த கண்காட்சியில் ஒருவர் ஏன் இந்த மஞ்சள் என்று கேட்டார். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னாய்: "பூசுன கை அப்படி. இவளுக்குக் கை வேர்க்கும்லா." எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கண்காட்சியில் என் பெயர் இல்லை. அதன்பின் உன் மாடிப்படி ஏறவில்லை.

இன்று உன் கணவரை உங்கள் வீட்டுத் தண்ணீரையே இரண்டு கேனில் கொண்டுவரச் சொன்னேன். ஒரே வகைத் தாள், ஒரே கரைசல், அதே கை. ஒரு படத்தை வெறும் தண்ணீரில் கழுவினேன், மஞ்சள். மற்றதன் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆசிட். சுவர் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்து நின்றது.

"அவ இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பா, டீச்சர்" என்றார். பட்டிருக்க மாட்டாய். வேறொரு குறை கண்டுபிடித்திருப்பாய்.

போனவர்களிடம் கோபம் வைக்கக்கூடாது என்கிறார்கள். வைத்திருக்கிறேன். தோற்றது தெரியாமலே போய்விட்டாய்.

படத்தின் கீழே பென்சிலால் என் பெயரை மட்டும் எழுதினேன். எழுதுமுன் உள்ளங்கையைப் புடவையில் துடைத்தேன். ஈரமே இல்லை. வருடக்கணக்காக, எதைத் தொடுமுன்னும் துடைக்கிறேன். நீ எனக்கு விட்டுப்போனது அதுதான்.