ஃபல்கு சொன்ன பொய்

செப்டம்பர் 24, 2010

பித்ரு பட்சம், செத்தவர்களுக்குப் பிண்டம் வைக்கிற பதினைந்து நாள், தொடங்கிவிட்டது. எள், பார்லி மாவு, தர்ப்பை எல்லாம் மத்தியானத்துக்குள் விற்றுப்போயின. கயாவுக்கு வருகிறவர்களின் செத்தவர்களுக்கெல்லாம் என் கடை மாவுதான். என் பிள்ளை தினேசருக்கு? சூரத் மில்லுக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம். ஒரு கடிதாசி இல்லை.

செப்டம்பர் 26

கொழுந்தன் ஜகர்நாத் கடைக்கே வந்து கத்தினான். "உலகமே வந்து செத்தவங்களுக்குச் சோறு வைக்கிற ஊரு அண்ணி இது! உங்க புள்ள மட்டும் பட்டினியா அலையணுமா? பன்னெண்டு வருஷமாச்சு. செத்துட்டான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, காரியத்த முடிப்போம்."

"அவன் செத்ததை நீ பாத்தியா?"

"உசிரோட இருக்கறத நீங்க பாத்தீங்களா?"



செப்டம்பர் 27

சாப்பாடு இறங்கவில்லை.

செப்டம்பர் 30

மழை பொய்த்த வருஷம். ஃபல்கு ஆற்றில் மணலைத் தோண்டித்தான் ஒரு கை தண்ணீர் எடுக்கிறார்கள். இங்கேதான் சீதம்மா மாமனார் தசரதருக்கு மணலை உருட்டிப் பிண்டம் வைத்தாள். ராமர் வந்து கேட்டபோது, பார்த்த ஆறே பார்க்கவில்லை என்று பொய் சொன்னது. அவள் விட்ட சாபத்தால் ஆறு இன்னும் மணலுக்கடியில்தான் ஓடுகிறது.

ஆத்துக்கே அந்தக் கதின்னா, பாக்காததைப் பாத்த மாதிரி, பெத்தவ நான் எப்படிச் சொல்ல? சொல்லாம இருந்து, அவன் நிஜமாவே— ஐயோ, பசியோட எங்க நிக்கிறானோ.

அக்டோபர் 3

மருமகள் பசந்தி குங்குமச் சிமிழை என் முன்னால் வைத்தாள். "வகிட்டுல வைக்கவா, அழிக்கவா? நீங்களே சொல்லுங்க அத்தை." திட்டினேன். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

அக்டோபர் 5

புரோகிதரிடம் கேட்டேன். "பிண்டம் வச்சப்புறம் அவன் திரும்பி வந்துட்டா, மகராஜ்?"

"புதுசாப் பொறந்த மாதிரிதான். நெய்யில முழுக்காட்டி, பச்சப்புள்ளைக்குச் செய்யறதெல்லாம் செஞ்சு, வேற பேர் வைக்கணும்."

கூட வந்திருந்த ஜகர்நாத் சிரித்தான். "முப்பத்தஞ்சு வயசுப் புள்ளைக்குத் தொட்டில் எங்க அண்ணி கிடைக்கும்?"

நான் சிரிக்கவில்லை. "செத்துட்டான்னு சொல்ல மாட்டேன். தெரியலன்னு சொல்லி வைக்கலாமா?"

புரோகிதர் பஞ்சாங்கத்தை மூடி வைத்தார். "வைம்மா. பசிச்சா சாப்பிடட்டும். வர்றதா இருந்தா வரட்டும்."

அக்டோபர் 7, அமாவாசை

தர்ப்பையில் அவனைப்போல் ஒரு உருவம் கட்டி எரித்தோம். பிண்டத்தை நானே வைத்தேன். தெரியவில்லை என்று மூன்று தரம் உரக்கச் சொன்னேன். ஜகர்நாத் தலையில் அடித்துக்கொண்டான். பசந்தி வகிட்டுக் குங்குமத்தை அழித்தாள். நான் தடுக்கவில்லை.

நவம்பர் 19

பசந்தியை அவள் அண்ணன் வந்து கூட்டிப்போனான். வேறு இடம் பார்க்கிறார்களாம். நல்லா இருக்கட்டும்.

கடையை அடைத்துவிட்டு ஒரு டப்பா நெய் வாங்கி வந்தேன். பேரும் முடிவு பண்ணிவிட்டேன். இங்கே எழுதமாட்டேன். முதலில் பிள்ளையின் காதில்தான் சொல்ல வேண்டும்.